குளிரைக் கடக்கும் பச்சிலை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. இங்குக் கறிவேப்பிலையும் துளசியும் தை மாதத்திலும் தழைக்கும். ஆடி மாதத்திலும் தழைக்கும். வீட்டுத் தோட்டத்திற்குச் சென்று வேண்டிய இலைகளைக் கிள்ளி வந்தால் போதும். ஆகவே, ஓர் இலையை ஐந்து மாதங்களுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்ற கவலை இங்குள்ள குடும்பங்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலைமை வேறு. இலையுதிர் காலத்தில் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் போதும். முதல் நாள் மாலைவரை பசுமையாக நின்ற பேசில் செடி, மறுநாள் காலையில் கறுத்துத் தொங்கும். அடுத்த வசந்த காலத்தில் மீண்டும் விதைக்கும்வரை தோட்டத்தில் அந்தச் செடியைக் காண முடியாது. கோடையில் விளைந்த இலையைக் குளிர்காலத்திற்குக் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்நாட்டு மக்கள் பல தலைமுறைகளாக விடை தேடி வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட வழிகளுள் சில எளியவை. சில உழைப்பை வேண்டுபவை. அவற்றுள் ஒன்றோ, கவனமின்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக் கூடியது.

ஒரு செடி, பல பெயர்கள்

பேசில் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் செடி தமிழர்களுக்குப் புதியதன்று. தமிழில் இதனைத் திருநீற்றுப் பச்சிலை என்பர். துளசியும் திருநீற்றுப் பச்சிலையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எனினும், அவை வெவ்வேறு செடிகள். ஐரோப்பியர் வளர்க்கும் பச்சிலையின் இலைகள் துளசி இலையைவிடப் பெரியவை, வழவழப்பானவை. அவற்றின் மணத்தில் காரம் குறைவு, இனிமை மிகுதி.

இச்செடியின் விதைதான் சப்ஜா விதை. மலாய் மொழியில் இதனைச் செலாசி என்பர். நோன்பு மாதச் சந்தைகளில் விற்கப்படும் இனிப்புப் பானங்களில் மிதக்கும் சின்னஞ்சிறு கறுப்பு விதைகளைப் பலரும் பார்த்திருப்பர். நீரில் ஊறியதும் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கூழ் போன்ற உறை உண்டாகிறது. பானத்திற்குக் குளிர்ச்சி சேர்க்கும் அந்த விதையைத் தருவதும், இத்தாலியில் புகழ்பெற்ற சுவைச்சாந்துக்கு இலையைத் தருவதும் ஒரே இனச் செடியே ஆகும்.

ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பப் பகுதிகளே இச்செடியின் தாயகம். அங்கிருந்து அது மேற்கே சென்று, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வேரூன்றியது. ‘அரசருக்குரியது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பேசில் என்ற பெயர் பிறந்தது. பெயரில் அரசரின் பெருமை இருந்தாலும், குளிரைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை.

குளிர் செய்யும் கேடு

நீர் 0 டிகிரி செல்சியசில் உறைகிறது. பச்சிலையோ அதற்கு வெகு முன்னரே பாதிப்படையத் தொடங்குகிறது. வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதன் இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றும். குளிர் நீடித்தால் இலை முழுவதும் கறுத்துவிடும். இதனைக் குளிர்ச் சேதம் என்று அறிவியலாளர் குறிப்பிடுவர்.

இது நிகழ்வதற்கான காரணத்தை ஓர் எளிய எடுத்துக்காட்டின் மூலம் புரிந்துகொள்ளலாம். தேங்காய் எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அது கட்டியாகிவிடும். தாவரத்தின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அந்தச் சவ்வு பெரும்பாலும் கொழுப்புப் பொருள்களால் ஆனது. வெப்ப நாட்டுத் தாவரங்களில் இக்கொழுப்பு, குளிர் பட்டதும் இறுகிவிடும். இறுகிய சவ்வு தன் வேலையைச் செய்ய இயலாமல் கசியத் தொடங்கும். அதுவரை உயிரணுவுக்குள் தனித்தனியே இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கும். அவற்றுள் ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு, இலையில் உள்ள சில பொருள்களைக் கறுப்பு நிறமாக மாற்றிவிடும். வெட்டி வைத்த கத்தரிக்காயும் ஆப்பிளும் நிறம் மாறுவதற்கும் இத்தகைய நொதியே காரணமாகும்.

வாழைப்பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அதன் தோல் கறுத்துப்போவதை யாவரும் அறிவர். வாழையும் வெப்ப நாட்டுப் பயிர்தான். பழத்தோலுக்கு நேர்வதே பச்சிலைக்கும் நேர்கிறது. குளிர்பதனப் பெட்டியின் உள்ளே வெப்பநிலை ஏறத்தாழ 4 டிகிரியாக இருக்கும். அந்த வகையில், குளிர்காலமே இல்லாத மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு சிறிய குளிர்காலம் உண்டு எனலாம். சந்தையில் வாங்கிய பச்சிலையைப் பொட்டலத்தோடு அதனுள் வைப்பவர்கள், ஓரிரு நாளில் கறுத்த இலைகளைக் காண்பது இதனால்தான்.

கிள்ளிய பச்சிலையைச் சில நாள்களுக்கு வைத்திருக்க எளிய வழி ஒன்று உண்டு. தண்டின் அடிப்பகுதியைச் சிறிது வெட்டிவிட்டு, பூங்கொத்தை வைப்பது போல, நீருள்ள குவளையில் நிறுத்தி வைக்க வேண்டும். நேரடி வெயில் படாத இடத்தில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றினால் ஏறத்தாழ ஒரு வாரம்வரை இலை வாடாமல் இருக்கும்.

ஜெனோவாவின் பச்சிலை

பச்சிலையோடு பிரிக்க முடியாத உறவுடைய நகரம் ஒன்று இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் உள்ளது. அதன் பெயர் ஜெனோவா. அது லிகூரியா மாநிலத்தின் தலைநகரம். ஒரு புறம் கடல், மறுபுறம் மலைகள் என அமைந்த ஒடுங்கிய நிலப்பகுதி அது. வடக்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்றை மலைகள் தடுக்கின்றன. கடலோ பகலில் பெற்ற வெப்பத்தை மெல்ல மெல்ல வெளியிடுகிறது. இதனால் இத்தாலியின் வட சமவெளிகளைவிட அங்குக் குளிர் குறைவு. இருப்பினும், சனவரி மாதத்தில் வெப்பநிலை சராசரியாக 8 டிகிரி அளவிலேயே இருக்கும். திறந்த வெளியில் பச்சிலை தழைக்க அது போதாது.

ஜெனோவா மக்களின் பெருமைக்குரிய உணவு பெஸ்தோ எனப்படும் பச்சை நிறச் சாந்து. ‘இடித்தல்’ என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இளம் பச்சிலை, பூண்டு, பைன் கொட்டை, கல்லுப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைச் சலவைக்கல் உரலில் இட்டு, மரத்தால் ஆன குழவியால் அரைப்பது மரபு. தமிழர் வீடுகளில் அம்மியில் துவையல் அரைப்பதை இது நினைவூட்டும். 1863ஆம் ஆண்டில் ஜோவான்னி பத்திஸ்தா ராத்தோ என்பவர் வெளியிட்ட ஜெனோவா சமையல் நூலில் இச்சாந்தின் செய்முறை இடம்பெற்றுள்ளது.

இச்சாந்தை மக்கள் கோடையில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் உண்ண விரும்புகின்றனர். எனவே, குளிர்காலத்திலும் புதிய இலை தேவைப்படுகிறது. ஜெனோவாவின் மேற்கே உள்ள பிரா என்னும் பகுதி இதற்குப் பெயர்பெற்றது. அங்குள்ள மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்த கண்ணாடிக் கூடங்களில் பச்சிலை விளைகிறது. கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடுகிறது. வெப்பத்தை எளிதில் வெளியேற விடுவதில்லை. குளிர் மிகும்போது கூடங்களைச் செயற்கையாகச் சூடாக்குகின்றனர். செடி நன்கு முற்றும்வரை காத்திருப்பதில்லை. சில இலைகளே விட்ட இளஞ்செடிகளை வேரோடு பிடுங்கி, சிறு சிறு கொத்துகளாகக் கட்டி விற்கின்றனர். இளம் இலையின் மணமே பெஸ்தோவுக்கு ஏற்றது என்பது அவர்களின் அனுபவம். 2005ஆம் ஆண்டில் ஜெனோவாப் பச்சிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் என்னும் தகுதியை வழங்கியது. லிகூரியாவின் உரிய பகுதியில், உரிய விதிகளின்படி விளைந்த இலைகளை மட்டுமே அப்பெயரில் விற்க முடியும்.

எனினும், கண்ணாடிக் கூடம் அமைக்க எல்லாராலும் முடியாது. அதனைச் சூடாக்கவும் செலவாகும். சாதாரணக் குடும்பங்கள் வேறு வழிகளையே நாடின.

உயிரோடு காத்தல்

முதல் வழி, செடியையே வீட்டுக்குள் கொண்டு வருவது. கோடை முழுவதும் தோட்டத்தில் நின்ற பெரிய செடியைத் தோண்டி எடுத்துத் தொட்டியில் நட்டால், வேர்கள் அறுபட்டு அது பெரும்பாலும் வாடிவிடும். ஆகையால், அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் தண்டைக் கிள்ளிப் புதிய செடி உண்டாக்குவர்.

இலையுதிர் காலக் குளிர் தொடங்குவதற்கு முன்பே, பூக்காத நல்ல தண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே அதனை வெட்ட வேண்டும். அடிப்பகுதி இலைகளை நீக்கிவிட்டு, தண்டை நீரில் நிறுத்த வேண்டும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வெண்ணிற வேர்கள் தோன்றும். பின்னர், அடியில் துளையுள்ள தொட்டியில் அதனை நடலாம். இவ்வாறு உருவாகும் செடி, தாய்ச்செடியின் இயல்புகளை அப்படியே கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் வந்துவிட்டதால் செடிக்குக் கவலை தீர்ந்துவிட்டது எனக் கருத முடியாது. மலேசியாவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கிறது. ஜெனோவாவிலோ டிசம்பர் மாதத்தில் பகல்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரமே நீடிக்கிறது. வெயிலும் வலுவற்றது. ஒளி போதாத செடி, தண்டு மட்டும் நீண்டு, இலை சிறுத்து, நிறம் வெளுத்துப்போகும். எனவே, தெற்கு நோக்கிய சன்னலோரத்தில் தொட்டியை வைக்க வேண்டும். அல்லது விளக்கொளியால் பகலை நீட்டிக்க வேண்டும். இரவில் சன்னல் கண்ணாடி மிகவும் குளிர்ந்துவிடும் என்பதால், இலைகள் அதைத் தொடாதவாறு பார்த்துக்கொள்வதும் அவசியம். குளிர்காலத்தில் செடி குறைவாகவே நீரை உறிஞ்சும். தேவைக்கு மேல் நீர் ஊற்றினால் வேர் அழுகும்.

செடியைக் காக்க முடியாவிட்டாலும் அதன் விதையைக் காக்கலாம். பூங்கதிர்கள் காய்ந்து பழுப்பு நிறம் அடைந்ததும், அவற்றை உதிர்த்து விதைகளைச் சேகரித்து, ஈரமற்ற இடத்தில் வைக்கலாம். குளிரையும் இருளையும் உறக்கத்திலேயே கடந்துவிடும் விதை, வசந்தத்தில் மண்ணும் நீரும் வெப்பமும் கிடைத்ததும் ஒரு வார அளவில் முளைவிடும். இயற்கை இச்செடிக்கு வகுத்துத் தந்த வழி இதுவே.

உலர்த்துதல்

இரண்டாம் வழி உலர்த்துதல். மணத்தக்காளி வற்றலும் மோர் மிளகாயும் உருவானது போலவே, இலையையும் உலர்த்தி வைக்கும் பழக்கம் உலகெங்கும் உள்ளது. பச்சிலையின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே உள்ளது. பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்வதற்கு நீர் தேவை. நீரை அகற்றிவிட்டால் அவை வளர வழியில்லை.

தண்டுகளைச் சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுவது வழக்கம். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் உள்ள இலைகள் காயாமல் பூஞ்சை பிடிக்கும். கொளுத்தும் வெயிலிலோ மிகுந்த சூட்டிலோ உலர்த்துவதும் தவறு. ஏனெனில், இலையின் மணத்திற்குக் காரணமான எண்ணெய்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. சூடு மிகும்போது நீரோடு சேர்ந்து அவையும் வெளியேறிவிடும். சமையலறை முழுவதும் மணம் பரவுகிறது என்றால், இலையிலிருந்து அந்த மணம் விடைபெறுகிறது என்பதே பொருள்.

நன்கு உலர்ந்த இலை, கையில் எடுத்தால் நொறுங்கும். அதனைப் பொடியாக்காமல், முழு இலையாகவே காற்றுப் புகாத புட்டியில் இட்டு, ஒளி படாத இடத்தில் வைக்க வேண்டும். சமைக்கும் நேரத்தில் நொறுக்கிச் சேர்த்தால் எஞ்சிய மணம் உணவில் சேரும். எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும், உலர்ந்த இலையின் மணம் பச்சை இலையின் மணத்தைப் போல இருக்காது. நீண்ட நேரம் கொதிக்கும் குழம்புக்கும் ரசவகைகளுக்கும் அது பொருந்தும், பெஸ்தோவுக்குப் பொருந்தாது.

உப்பில் இடுதல்

மூன்றாம் வழி உப்பு. இத்தாலியக் குடும்பங்களில் ஒரு புட்டியில் ஓர் அடுக்கு உப்பு, அதன் மீது ஓர் அடுக்கு இலை, மீண்டும் உப்பு என மாறி மாறி நிரப்பி வைக்கும் வழக்கம் உண்டு. உப்பு இலையில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. நுண்ணுயிரிகளின் உடலில் உள்ள நீரையும் அது விட்டுவைப்பதில்லை. எலுமிச்சை ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பதற்கு இதே தத்துவம்தான் துணைபுரிகிறது.

உப்பில் கிடக்கும் இலை நாளடைவில் கருமை கலந்த பச்சையாக மாறும். மணம் ஓரளவு நிலைக்கும். அதைச் சமையலில் சேர்க்கும்போது, வழக்கமாக இடும் உப்பின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். புட்டியில் எஞ்சும் உப்பும் வீணாவதில்லை. இலையின் மணம் ஏறிய அந்த உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தலாம்.

உறைய வைத்தல்

குளிர்தான் பச்சிலையின் பகை என்று முன்பு கூறப்பட்டது. வியப்புக்குரிய செய்தி யாதெனில், அதைவிடக் கடுமையான குளிரே அதனைக் காக்கவும் செய்கிறது. குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியில் இலை கறுக்கிறது. ஆனால், ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியில் நுண்ணுயிரிகளின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. நொதிகளின் வேகமும் மிகவும் குறைந்துவிடுகிறது.

குறைந்துவிடுகிறதே தவிர, முற்றிலும் நின்றுவிடுவதில்லை. ஆகவே, உறைய வைப்பதற்கு முன் இலைகளைக் கொதிக்கும் நீரில் 5 முதல் 10 வினாடிகள் மட்டும் அமிழ்த்தி, உடனே பனிக்கட்டி இட்ட நீரில் போடுவர். கொதிநீர் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. பனிநீர் இலை வெந்துபோகாமல் தடுக்கிறது. பின்னர் ஈரத்தை ஒற்றி எடுத்து, இலைகளை உறைய வைக்க வேண்டும். இதனால் பச்சை நிறம் பல மாதங்கள் நிலைத்திருக்கும்.

மற்றொரு முறையில், நறுக்கிய இலையை எண்ணெயோடு கலந்து, பனிக்கட்டித் தட்டின் குழிகளில் ஊற்றி உடனே உறைய வைக்கின்றனர். ஒரு வேளைச் சமையலுக்கு ஒரு கட்டி போதும். மீதி உறைந்தே இருக்கும். பெஸ்தோவையும் இவ்வாறு உறைய வைக்கலாம். பாலாடைக்கட்டியை மட்டும் பரிமாறும் நாளில் சேர்த்துக்கொண்டால் சுவை நன்றாக இருக்கும் என்பது பலரின் அனுபவம்.

உறைய வைத்த இலைக்கும் ஒரு குறை உண்டு. இலையில் உள்ள நீர் பனிக்கட்டியாகும்போது விரிந்து, உயிரணுக்களின் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. உருகியதும் இலை துவண்டுவிடும். அதனை உணவின் மீது அழகுக்குத் தூவ முடியாது. சமையலில் கலக்கவே பயன்படும்.

எண்ணெய்க்குள் மறைந்திருக்கும் ஆபத்து

இலையை ஆலிவ் எண்ணெயில் மூழ்க வைத்து, அலமாரியில் அடுக்கி வைப்பது மத்தியதரைக் கடல் நாடுகளில் நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். எண்ணெய் காற்றைத் தடுப்பதால் இலை கெடாது என்று மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. காற்றை விரும்பும் பூஞ்சைகளை எண்ணெய் தடுக்கிறது. ஆனால், காற்று இல்லாத இடத்திலேயே செழித்து வளரும் பாக்டீரியா ஒன்றும் உலகில் உண்டு. அதன் பெயர் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம்.

இதன் வித்துகள் மண்ணில் இயல்பாகவே உள்ளன. மண்ணில் வளரும் பூண்டிலும் இலையிலும் அவை ஒட்டியிருக்கக்கூடும். காற்று உள்ள இடத்தில் அவை உறங்கிக் கிடக்கும். எண்ணெயின் அடியிலோ அவற்றுக்கு வேண்டிய யாவும் கிடைத்துவிடுகின்றன: ஈரமான இலை, புளிப்புக் குறைந்த சூழல், அறை வெப்பம், காற்றின்மை. அவை விழித்தெழுந்து பெருகும்போது கொடிய நஞ்சை உருவாக்குகின்றன. அந்த நஞ்சு நரம்புகளிலிருந்து தசைகளுக்குச் செல்லும் கட்டளைகளைத் தடுத்துவிடும். முதலில் பார்வை இரட்டையாகத் தெரியும், கண் இமைகள் தொங்கும், விழுங்குவது கடினமாகும். உடனடியாக மருத்துவம் கிடைக்காவிட்டால் மூச்சுவிடும் தசைகளும் செயலிழக்கக்கூடும். இந்நோயைப் பொட்டுலிசம் என்பர்.

1985ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் உண்ட 36 பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டனர். எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டைக் குளிரில் வைக்காமல் பயன்படுத்தியதே அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவில் இந்நோய் மிகுதியாகப் பதிவாகும் நாடுகளுள் இத்தாலியும் ஒன்று. வீட்டில் எண்ணெயில் இட்டு வைக்கும் காய்கறிகள் அங்கு இதற்கு முக்கியக் காரணமாக உள்ளன.

இதில் அஞ்சத்தக்கது எதுவென்றால், நஞ்சு கலந்த எண்ணெய் பார்வைக்கும் மணத்திற்கும் நல்ல எண்ணெய் போலவே இருக்கக்கூடும். ‘மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது’ என்பது இங்குப் பாதுகாப்பு ஆகாது. பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணக் கொதிநீரின் 100 டிகிரி வெப்பத்தையும் தாங்கக் கூடியவை. தொழிற்சாலைகளில் அமிலத்தின் அளவைக் கணக்கிட்டுச் சேர்த்தும், தேவையான வெப்பத்தில் பதப்படுத்தியும் இதனைத் தடுக்கின்றனர். வீட்டில் அவ்வாறு அளந்து செய்வது கடினம்.

ஆகையால், வீட்டில் பச்சிலையையோ பூண்டையோ எண்ணெயில் இட்டால், அதனை அறை வெப்பத்தில் வைக்கவே கூடாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கு நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால், செய்த அன்றே உறைய வைத்துவிட வேண்டும். சந்தேகம் எழுந்தால் சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுவதே அறிவுடைமை.

எந்த வழி சிறந்தது?

இவ்வழிகளுள் எதுவும் கோடைக்காலத்து இலையை அப்படியே திருப்பித் தருவதில்லை. உலர்த்தினால் மணம் மாறுகிறது. உப்பில் இட்டால் நிறம் மாறுகிறது. உறைய வைத்தால் இலையின் உறுதி போகிறது. தொட்டியில் வளர்த்தால் இலை குறைவாகவே கிடைக்கிறது. ஆகவே, எது சிறந்தது என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த உணவுக்கு எது தேவை என்று கேட்பதே பொருத்தம். சாந்து அரைக்க விரும்புவோர் உறைய வைக்கலாம். குழம்புக்கு மணம் வேண்டுவோர் உலர்த்தலாம். புதிய இலையை ஒன்றிரண்டாவது உணவின் மீது தூவ விரும்புவோர் சன்னலோரத்தில் ஒரு தொட்டியை வைக்கலாம்.

எந்த வழியை மேற்கொண்டாலும் காலம் தாழ்த்துவது கூடாது. உறைபனி விழுந்த பிறகு கறுத்த இலையைக் காக்க எந்த முறையும் உதவாது. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும். செடி பூப்பதற்கு முன், இலை செழித்திருக்கும் நாள்களிலேயே பறித்துப் பாதுகாக்க வேண்டும்.

முன்னோர் கற்றுத்தந்த உலர்த்தலும் உப்பிடலும் அறிவியல் அடிப்படை கொண்டவை. அதே முன்னோர் நம்பிய எண்ணெய்ப் புட்டியோ, அறிவியல் வளர்ந்த பிறகே அதன் ஆபத்தை வெளிப்படுத்தியது. ஒரு பழக்கம் பழையது என்பதற்காக அதனை ஒதுக்கவும் வேண்டாம். பழையது என்பதற்காகவே அதனை நம்பவும் வேண்டாம். அது ஏன் பலன் தருகிறது என்பதை அறிந்து பின்பற்றுவோர், குளிர்காலம் உள்ள நாட்டில் இருந்தாலும், குளிர்பதனப் பெட்டி மட்டுமே உள்ள நாட்டில் இருந்தாலும், தங்கள் உணவையும் உடல்நலத்தையும் காத்துக்கொள்வர்.

சிந்தித்து விடையளி

1. குளிர்பதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழத் தோலுக்கும் பச்சிலைக்கும் நேரும் மாற்றத்தை ஒப்பிட்டு விளக்குக.
2. பச்சிலை 4 டிகிரியில் கறுக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் பாதுகாக்கப்படுகிறது. இதற்குரிய காரணங்கள் யாவை?
3. ஜெனோவாவில் குளிர்காலத்திலும் புதிய பச்சிலை கிடைப்பதற்கு இயற்கை அமைப்பும் மனித முயற்சியும் எவ்வாறு துணைபுரிகின்றன?
4. ‘எண்ணெய் காற்றைத் தடுப்பதால் இலை கெடாது’ என்ற நம்பிக்கையில் பாதி உண்மையே உண்டு என்று பனுவல் ஏன் கூறுகிறது?
5. உன் வீட்டில் பின்பற்றப்படும் உணவுப் பாதுகாப்பு முறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எவ்வாறு உணவைக் கெடாமல் காக்கிறது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.